கடைசி ஆளுக்குப் பின்னால்

என் வேலை கடைசியில் வருவது.
ஐம்பது கிலோமீட்டர். போட்டியில் நான் இல்லை.
கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால் போய்
நேற்று வழிக்குக் கட்டிய ரோஸ் ரிப்பன்களை
ஒவ்வொன்றாக அறுத்து உரச்சாக்கில் போடணும்.
அவரை முந்தக் கூடாது.
அவசரப்படுத்தவும் கூடாது.
நான் கடந்த பிறகு அது
வெறும் வரப்பு, வெறும் கால்வாய்க்கரை, வெறும் பொத்தை.

மற்ற நாளெல்லாம் கல்லிடைக்குறிச்சி மின்வாரியத்தில்
கம்பியை அண்ணாந்து பார்த்து நடக்கிறவன்.
மாசியில் ஒரு ஞாயிறு மட்டும்
தரையைப் பார்த்து.

நாலரைக்கு நூற்றெண்பது தலைவிளக்குகள்
மணிமுத்தாற்றுக் கால்வாயோரம் போய்
தேக்குக்குள் ஒவ்வொன்றாய் மறைந்தன.
பெங்களூர்க்காரன் ஒருத்தன் ஒன்பது மணிக்கே முடித்துவிட்டானாம்.
நான் அப்போது பதினெட்டாவது கிலோமீட்டரில்
ஆட்டின் வாயிலிருந்து ரிப்பன் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் எனக்கு வாய்த்தது நூற்றி அறுபத்து மூணு.
ஜெபராணி, வயது ஐம்பத்தொன்று,
பாளை பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டு.
"ஒரு நைட் டூட்டிக்கு இதவிட நடப்பேன் தம்பி" என்றவள்
வைராவிகுளம் தாண்டி ஷூவைக் கழற்றினாள்.
ரெண்டு நகத்தைப் பார்த்தாள்.
"போயிட்டு" என்று
திரும்ப மாட்டிக்கொண்டாள்.

பொத்தையில் ஏறும்போது பாறை சுட்டது.
கையை ஊன்றி ஏறினாள்,
உள்ளங்கையை ஊதி ஊதி.
இறங்கினால் பிசான அறுப்பு. மிஷினை நிறுத்திவிட்டார்கள்.
"ஏ தாயி, யாரு வெரட்டுதா ஒன்ன?"
"யாரும் இல்லக்கா."
பிறகு என்னைப் பார்த்தார்கள், என் சாக்கைப் பார்த்தார்கள்.
"அப்ப அவன் யாரு?"

முப்பத்தெட்டாவது கிலோமீட்டர் பந்தலில்
ஒன்றரைக்குள் வந்திருக்கணும்.
வந்தது ஒன்று நாற்பத்தொன்று.
"நேரம் முடிஞ்சிட்டுக்கா, நம்பரக் குடுங்க. வேன் நிக்கி."
அவள் உப்புத் தடவிய வெள்ளரி ரெண்டு துண்டு தின்றாள்.
நெஞ்சிலிருந்து நம்பரைக் கழற்றி
நாலு ஊக்கையும் எண்ணிக் கொடுத்தாள்.
அப்புறம் வேனைச் சுற்றிக்கொண்டு
ஓடினாள்.

நம்பர் இல்லாதவள் கடைசி ஆளா?
எனக்குக் கொடுத்த தாளில் அது இல்லை.
பந்தல் பையன் என்னைப் பார்த்தான்.
நான் சாக்கைத் தோளில் போட்டேன்.

ஒரு திருப்பத்தில் ரிப்பனே இல்லை.
பம்புசெட்டில் குளிக்கிற பிள்ளைகள் ரெண்டின்
சடையில் இருந்தது. கேட்கவில்லை.
அவளும் வழி கேட்கவில்லை,
தொட்டியில் தலையை முக்கி எடுத்துவிட்டு
சரியான பக்கம்தான் திரும்பினாள்.
அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.
அவள் மூச்சு ஒரு கணக்கில் போனது.
யாருக்கோ வலி எடுக்கையில்
பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிற மூச்சு,
இழு, விடு, இன்னும் கொஞ்சம்.

மணி நாலே முக்கால்.
மைதானத்தில் காற்றடைத்த வளைவு
காற்றுப் போய், சுருட்டி, கயிறு கட்டிக் கிடந்தது.
மைக்செட் போய்விட்டது.
ஒருத்தர் லோடு ஆட்டோவில்
பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கோடு எதுங்க?"

சுண்ணாம்புக் கோட்டை டயர் தேய்த்துவிட்டிருந்தது.
அவர் கையில் ஆறு நாற்காலி. காலால் காட்டினார்.
"அங்ஙனதான் இருந்துச்சு."

அவள் அங்ஙன வரை ஓடினாள்.
நிற்கவில்லை.
ஆட்டோவைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி,
கேட்டைத் தாண்டி, ரோட்டைக் குறுக்கே கடந்து
டீக்கடை வாசல் தண்ணீர்க் குடத்தில்
கை வைத்துத்தான் நின்றாள்.

"எங்க போட்டிருந்தாலும்
தாண்டியாச்சுல்லா?"

கடைசி ஆளுக்குப் பின்னால்தான் என் வேலை முடியணும்.
சாக்கோடு நானும்
ரோட்டைக் கடந்து ஓடினேன்.